வலை விதிப்படிதான் இருந்தது: ஒரு தூண்டில் போட்டிக்குப் பிறகு செத்த மீன்கள்

இந்தக் குளம் இங்கிலாந்தில் ஒரு தூண்டில் சங்கத்துக்குச் சொந்தமானது. சங்கத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. வண்டல் படிந்த பழைய குளம். நடுவில் ஓர் ஆள் ஆழம் இருக்கும், கரையோரம் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். ஜூலை மாதம், தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்த நேரத்தில் அங்கே ஒரு போட்டி நடந்தது. காலை பத்து மணிக்கு ஊதல் ஊதி ஆரம்பித்து, மதியம் மூன்று மணிக்கு முடித்தார்கள்.

இந்த வகைப் போட்டியில் பிடித்த மீனை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. வளையங்கள் கோத்த நீளமான வலைப்பை ஒன்று, கீப்நெட் என்பார்கள், ஒவ்வொருவர் காலடியிலும் தண்ணீருக்குள் கிடக்கும். பிடிபடும் மீனையெல்லாம் அதில் உயிரோடு போட்டு வைத்து, கடைசியில் மொத்தமாக எடை பார்த்துவிட்டுக் குளத்திலேயே திரும்ப விடுவார்கள். யாருக்கு அதிக எடையோ அவருக்குப் பரிசு.

போட்டியன்று ஒரு மீன்கூடச் சாகவில்லை. விட்டவுடன் எல்லாம் நீந்திப் போய்விட்டன என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் குளத்துக் காவலர் கரையோரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பிரீம் மீனை, கெண்டை இனத்துத் தட்டை மீன் அது, பார்த்தார். முதுகுத் துடுப்புக்குக் கீழே பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஒரு திட்டு. கைவலையைப் பக்கத்தில் கொண்டுபோனபோதும் அது விலகவில்லை. அடுத்த சில நாட்களில் ஒன்றிரண்டாகச் செத்து மிதக்க ஆரம்பித்தன. பெரும்பாலும் பிரீம், கொஞ்சம் ரோச் என்ற சின்ன மீன். கெண்டை ஒன்றே ஒன்றுதான். மீன் நலம் பார்க்கிறவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில்.

முதலில் எதை ஒதுக்கினோம்

கோடையில் கெண்டை இருக்கும் குளத்தில் மீன் செத்தால் முதலில் எல்லோரும் பயப்படுவது கோய் ஹெர்ப்பீஸ் வைரஸுக்கு. 2006 கோடையில் இங்கிலாந்தின் பல தூண்டில் குளங்களில் கெண்டைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது இதுதான். அடுத்த ஆண்டிலிருந்து இது கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். நீரின் வெப்பம் சுமார் 16 முதல் 28 டிகிரி வரை இருக்கும்போதுதான் தீவிரமாகப் பரவும், அதனால் காலம் பொருந்தத்தான் செய்தது. ஆனால் அந்த வைரஸ் சாகடிப்பது கெண்டையையும் அதன் அலங்கார வகையான கோயையும். இங்கே கெண்டைகள் நன்றாகத்தான் இருந்தன, செத்தது பிரீம். மாதிரி அனுப்பினோம், வைரஸ் இல்லை என்று வந்தது.

அடுத்த சந்தேகம், விடியற்காலையில் ஆக்சிஜன் விழுந்துபோவது. பாசி அடர்ந்த குளத்தில் பகலெல்லாம் ஆக்சிஜன் பொங்கும். இரவில் பாசியே அதை இழுத்துக்கொள்ளும், விடியும் முன் மீனுக்கு மூச்சு முட்டும். அப்படி நடந்திருந்தால் ஒரே காலையில், பெரிய மீன்கள் முதலில், குளம் முழுக்கச் செத்திருக்கும். இங்கே ஒரு வாரத்துக்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாகச் செத்தன. விடியற்காலை அளவும் மோசமாக இல்லை. ரசாயனம் ஏதாவது கலந்ததா என்றால் அதுவும் இல்லை. கல்லைப் புரட்டினால் பூச்சிப்புழுக்கள் உயிரோடு ஓடின.

மிச்சம் இருந்தது மீனின் உடம்பு. செத்த பிரீம்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் ஓரளவு தெரிந்துவிட்டது. வால் துடுப்பின் நுனி கதிர் கதிராகக் கிழிந்திருந்தது. மூக்கு நுனி தேய்ந்து சிவந்திருந்தது. விலாவில் செதில் உதிர்ந்த இடங்களில் வரிசையாகச் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். பஞ்சுத் திட்டுகள் எல்லாம் சரியாக அந்த இடங்களிலேயே வளர்ந்திருந்தன. சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூஞ்சை வகை இது. எல்லா நன்னீரிலும் இதன் வித்துகள் எந்நேரமும் மிதந்துகொண்டுதான் இருக்கும். மீன் மேலிருக்கும் வழுவழுப்பும் செதிலும் அப்படியே இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வழுவழுப்பு போய்த் தோல் உரிந்த இடம் கிடைத்தால், அதுவும் மிரண்டு போய் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும் மீன் என்றால், அங்கே வேர்விடும். அதற்குச் சில நாள் ஆகும். போட்டியாளர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் மீன் சாக ஆரம்பிக்கும் என்பது இதனால்தான்.

வலையை அளந்தோம்

வலையில்தான் ஏதோ கோளாறு என்று சங்கத்தின் செயலாளர் முடிவுக்கு வந்துவிட்டார். யாரோ பழைய முடிச்சு வலையைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். அடுத்த போட்டியில் எல்லா வலைகளையும் அளந்து பார்த்தோம்.

இங்கிலாந்தில் கீப்நெட்டுக்குத் தெளிவான விதி இருக்கிறது. முடிச்சுப் போட்ட கண்ணியோ உலோகக் கண்ணியோ கூடாது. கண்ணியின் உள் சுற்றளவு 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீளம் குறைந்தது 2 மீட்டர். வளையத்தின் சுற்றளவு குறைந்தது 120 சென்டிமீட்டர். வளையத்துக்கு வளையம் 40 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முடிச்சு, மீனின் தோலை அரம் மாதிரி ராவும். கண்ணி பெரிதானால் துடுப்பும் செவுள் மூடியும் மாட்டும். வளையங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவில் வலை தளர்ந்து மீனைப் போர்த்திக்கொள்ளும்.

முடிச்சு பற்றிய பயம் வெறும் நம்பிக்கை இல்லை. 2003இல் புளூகில் என்ற நன்னீர் மீனை வைத்து நான்கு வகைக் கைவலைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ரப்பர் வலை, முடிச்சில்லா நைலான், மெல்லிய முடிச்சு, முரட்டு முடிச்சு. வலையே படாமல் கரையேற்றிய மீன்களில் ஒரு வாரத்தில் ஒன்றும் சாகவில்லை. வலை பட்டவற்றில் வலை வகையைப் பொறுத்து 4 முதல் 14 சதவீதம் வரை செத்தன. துடுப்புக் கிழிசலும் செதில் இழப்பும் முடிச்சு வலைகளில்தான் அதிகம். இத்தனைக்கும் கைவலைக்குள் மீன் இருப்பது சில விநாடிகள்தான். கீப்நெட்டில் மணிக்கணக்கு.

எங்கள் அளவெடுப்பில் ஒரு வலைகூடத் தவறவில்லை. எல்லாம் முடிச்சில்லாத மெல்லிய கண்ணி, பெரும்பாலானவை 3 மீட்டர் நீளம், பெரிய வளையங்கள், விலையுயர்ந்த சரக்கு. விதிப்படி பார்த்தால் குற்றம் சொல்ல ஓர் இடமும் இல்லை.

அப்புறம் அவற்றைத் தண்ணீரில் பார்த்தோம்.

விதி வலையை அளக்கிறது. அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. முழங்கால் ஆழக் கரையில் உட்கார்ந்தவரின் 3 மீட்டர் வலையில் மேல் பாதி காற்றில் தொங்கியது. நடுப்பகுதி சரிவில் மடங்கிக் கிடந்தது. கடைசி ஒரு மீட்டர்தான் தண்ணீரில், அதிலும் அடிப்பக்கம் சேற்றில் அமுங்கியிருந்தது. அவருடைய மீன்கள் அத்தனையும் அந்த ஒரு மீட்டருக்குள். பத்தடி தள்ளி, ஆழமான இடத்தில் உட்கார்ந்தவரின் வலை முழு நீளமும் விரிந்து, நுனியில் குச்சி ஊன்றி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வலைகள்.

முதல் போட்டியில் யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், என்ன எடை பிடித்தார்கள் என்ற பட்டியல் சங்கத்திடம் இருந்தது. பிரீம் அதிகம் பிடிபட்டது ஆழமில்லாத கரைப்பக்கம். கோடையில் பிரீம் கூட்டம் அந்தப் பக்கம்தான் மேயும். ஆக, அதிக மீன் பிடித்தவர்களின் வலைகளில்தான் தண்ணீர் மிகக் குறைவாக இருந்திருக்கிறது.

ஒரு கணக்கு

விதி சொல்லும் குறைந்தபட்ச வலையையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 120 சென்டிமீட்டர், நீளம் 2 மீட்டர். முழுக்கத் தண்ணீரில் விரிந்து கிடந்தால் உள்ளே சுமார் 230 லிட்டர் நீர் இருக்கும். நல்ல நாளில் 20 கிலோ மீன் சேர்வது சாதாரணம். 20 டிகிரியில் கெண்டை இனத்து மீன் ஒரு கிலோவுக்கு மணிக்குச் சுமார் 200 மில்லிகிராம் ஆக்சிஜன் இழுக்கும் என்று வைத்தால், 20 கிலோவுக்கு மணிக்கு 4 கிராம். அதே வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 230 லிட்டரில் மொத்தமே 2 கிராம்.

அதாவது உள்ளே இருப்பதை மட்டும் நம்பினால் அரைமணி நேரத்தில் தீர்ந்துபோகும். தூண்டிலில் போராடி, தசைக் களைப்பில் சேரும் லாக்டேட் ஏறிய மீன் இதைவிட வேகமாக இழுக்கும். அப்படியிருந்தும் மீன் உயிரோடு இருக்கிறது என்றால் கண்ணி வழியாகப் புது நீர் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால்தான். கீப்நெட்டில் உயிரைக் காப்பது அந்த வரத்து. வலை பெரிதா சிறிதா என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

அந்த வரத்தை அடைப்பது என்னென்ன என்று பார்த்தால் எல்லாமே அற்பமானவை. கண்ணியில் ஒட்டிய பாசி. தூவின இரையின் மாவு. சேற்றில் அமுங்கிய அடிப்பக்கம். காற்றில்லாத மூலை. மிக மெல்லிய கண்ணி மீனின் தோலுக்கு நல்லது என்று விற்கிறார்கள். அது உண்மை, ஆனால் மெல்லிய கண்ணி சீக்கிரம் அடைபடும், நீரையும் மெதுவாகத்தான் விடும். இதில் இரண்டு நன்மையும் ஒரே வலையில் கிடைக்காது. ஓடும் ஆற்றில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. தேங்கிய குளத்தில் தெரியும்.

மதியம் இரண்டு மணிவாக்கில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்தோம். வெளியே குளத்து நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது, பாசியின் புண்ணியம். ஆழமான இடத்து வலைக்குள்ளும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. சேற்றில் கிடந்த வலைக்குள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இது கொல்லும் அளவில்லை. கெண்டையெல்லாம் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஏற்கெனவே களைத்த மீனுக்கு ஓய்வு கிடைக்காத அளவு என்று சொல்லலாம்.

ஒரு வினோதம் இதில் இருக்கிறது. ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும் அதே பிற்பகலில்தான் அம்மோனியா ஆபத்தும் உச்சத்துக்குப் போகும். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும், ஒன்று ஓரளவு சாது, இன்னொன்று விஷம். எது எவ்வளவு என்பதை நீரின் பி.ஹெச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, தீர்மானிக்கும். 20 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் விஷ வடிவம் மொத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. பி.ஹெச். 9 என்றால் கால் பங்குக்கு மேல். பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சும்போது பி.ஹெச். ஏறும், அதனால் பச்சைக் குளத்தில் பிற்பகலில் 9ஐத் தொடுவது புதிதில்லை. கூட்டமாக அடைத்த மீன்கள் விடும் கரியமில வாயுவே வலைக்குள் பி.ஹெச்.சைக் கொஞ்சம் இறக்கிவிடும் என்பது ஓர் ஆறுதல். எங்கள் அளவிலும் வலைக்குள் வெளியைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆகவே அம்மோனியாவை முதல் குற்றவாளி என்று நான் எழுதவில்லை.

எடை போடும் நேரம்

மூன்று மணி ஊதலுக்குப் பிறகு நடப்பதை யாரும் போட்டியின் பகுதியாகவே நினைப்பதில்லை. எனக்கு இந்த நிகழ்வின் மையம் அங்கேதான் தெரிந்தது.

தராசுக்காரர்கள் இருவர், முதல் இடத்திலிருந்து சுற்றி வருவார்கள். கடைசி இடத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியவர்கள் தூண்டிலைச் சுருட்டி, பெட்டியைக் கட்டி, வலையையும் பாதி இழுத்து வைத்துக்கொள்வார்கள். தராசு வந்ததும் சட்டென்று தூக்கித் தரலாம் என்ற நல்லெண்ணம்தான். வலையின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கி, மீன் முழுக்கக் கடைசி இரண்டு வளையங்களுக்குள் ஒதுங்கும். வெளியே குளம் முழுக்க ஆக்சிஜன் இருந்தாலும் இந்த ஒரு கூடை நீருக்குள் நாங்கள் அளந்தபோது 3ஐ ஒட்டி வந்துவிட்டது.

சேற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், மீன்கள் வலையில் ஆரம்பத்தில் அடித்துக்கொண்டனவா என்று கேட்டேன். "மொதல்ல தண்ணிய அடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சுங்க. அப்புறம் அடங்கிடுச்சு, பழகிடுச்சுன்னு அர்த்தம்," என்றார். அனுபவசாலி, மீன் மேல் பிரியமுள்ளவர், ஈரக்கையால் தவிர மீனைத் தொடமாட்டார். ஆனால் அடங்குவதற்குப் பழகியது மட்டும் காரணமில்லை. மூச்சு குறைந்த மீனும் அடங்கும். செவுள் மூடி எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தராசு வந்ததும் அவர் வலையை மேல் வளையத்தில் பிடித்துத் தூக்கினார். முழு எடையும் அடியில். கெண்டைகள் கீழே, பிரீம்கள் நடுவில், ரோச்சுகள் மேலே. பிரீம் தட்டையான உடம்புக்காரன், தோல் மெல்லிசு, வழுவழுப்பு அளவுக்கு மீறி இருக்கும். கெண்டையின் முதுகுத் துடுப்பில் முதல் முள் ரம்பம் மாதிரிப் பல்வைத்தது. அது ஒரு பக்கம் கண்ணியில் மாட்டியது, இன்னொரு பக்கம் பிரீமின் விலாவை உரசியது. கெண்டை துள்ளத் துள்ள ரம்பம் மேலும் கீழும் போய் வந்தது. எடைப் பைக்குள் கொட்டியபோது ஒரு பிரீம் வலையிலேயே ஒட்டி நின்று, உதறியதும்தான் விழுந்தது. காலி வலையிலிருந்து வழுவழுப்பு நூல் நூலாக இறங்கியது, அதில் செதில்கள் மின்னின. எடை எழுதும் வரை பையில், பிறகு கரையிலிருந்து பையைக் கவிழ்த்துத் தண்ணீருக்கு. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கலாம். ஐந்து மணி நேரம் வலையில் கிடந்து பட்டதைவிட இந்த இரண்டு நிமிடத்தில் பட்ட காயம் அதிகம் என்பது என் கணிப்பு. விலாவில் வரிசையாக ரத்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது.

ஆழமான இடத்துக்காரரின் மீன்களிலும் வால் கிழிசல் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. எந்த வலையாக இருந்தாலும் மீன் மூக்கால் முட்டும், வாலால் அடிக்கும். ஆனால் விலாக் காயம் அவற்றில் மிகக் குறைவு.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

கீப்நெட்டை ஆதரிப்பவர்கள் 1990களின் ஆய்வுகளைக் காட்டுவார்கள். காட்டுவதில் நியாயம் உண்டு. டாம் பாட்டிஞ்சர் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் 1997இல் வலைக்குள் நீரின் தரம் எப்படி மாறுகிறது என்பதையும், 1998இல் வலையில் வைத்த கெண்டையின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அதிர்ச்சி ஹார்மோன், குளுக்கோஸ், லாக்டேட் எப்படி மாறுகின்றன என்பதையும் வெளியிட்டார். தூண்டிலில் பிடிபட்டதே மீனுக்குப் பெரிய அதிர்ச்சி, அந்த அளவுகள் ஏறின. வலையில் வைத்திருந்தது அதிலிருந்து மீள்வதைப் பெரிதாகத் தடுக்கவில்லை. நெதர்லாந்தில் ராட்டும் அவருடைய குழுவும் 1997இல் பெரிய கீப்நெட்டில் வைத்த கெண்டை இனத்து மீன்களின் வளர்ச்சியையும் பிழைப்பையும் பார்த்தார்கள். அவர்களுக்கும் பெரிய இழப்பு தெரியவில்லை.

இந்த முடிவுகளை நான் நம்புகிறேன். சரியாக விரித்த பெரிய வலையில், அளவாக, கவனமாக வைத்த மீனுக்கு வலை பெரிய தண்டனை இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்த வலையும் பரவாயில்லை என்று பேச ஆரம்பிப்பதுதான் சிக்கல். கெண்டை ஆக்சிஜன் குறைவைத் தாங்குவதில் பேர்பெற்ற மீன், தோலும் தடிப்பு. அதை வைத்து பிரீமுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்பெல் என்ற ஆற்று மீனை வலையில் போடக் கூடாது என்று பல சங்கங்கள் தாங்களாகவே வைத்திருக்கும் கட்டுப்பாடு இந்த விஷயத்தில் அறிவார்ந்தது. அதன் முதுகு முள்ளும் ரம்பம், மாட்டினால் எளிதில் வராது.

வட அமெரிக்காவில் 2000இல் குக், ஹோகல் இருவரும் ஸ்மால்மவுத் பாஸ் மீனை வைத்துச் செய்த ஒப்பீடு இன்னும் கறாரானது. செவுளிலோ உதட்டிலோ கயிறு கோத்து வைப்பது, கம்பிக் கூடை, நைலான் கீப்நெட் என்று பலவிதமாக வைத்துப் பார்த்தார்கள். பிடித்ததும் விட்டவற்றோடு ஒப்பிட்டால் வைத்தவற்றில் காயமும் சாவும் அதிகம். நீர் சூடாக இருந்தபோது இன்னும் மோசம். எங்கள் குளத்தில் அன்று 24 டிகிரி.

மீனுக்கு வலி உண்டா என்ற பெரிய வாதத்துக்குள் நான் போகவில்லை. 2003இல் ட்ரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்புகள் இருப்பதை ஸ்னெடன் குழு காட்டிய பிறகும் வாதம் ஓயவில்லை. உரிந்த தோலில் பூஞ்சை பிடித்துச் சாவது அந்த வாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது

செயலாளருக்கு இருந்த இன்னொரு கவலை, இதில் வழக்கு வருமா என்பது. இங்கிலாந்தின் 2006 விலங்கு நலச் சட்டம், மீன்பிடிப்பின் இயல்பான போக்கில் நடக்கும் எதற்கும் பொருந்தாது என்று 59ஆம் பிரிவில் நேரடியாகவே சொல்லிவிட்டது. ஆக அங்கே மிஞ்சுவது வலையின் அளவு பற்றிய விதிதான், அதை எல்லோரும் கடைப்பிடித்திருந்தார்கள். ஜெர்மனியில் நிலைமை வேறு. முதுகெலும்புள்ள உயிருக்கு நீண்ட, கடுமையான வேதனை தருவது அங்கே விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கீப்நெட் பற்றிய சண்டை அந்த வரியை வைத்தே நடக்கிறது. சுவிட்சர்லாந்து 2008இல் கொண்டுவந்த ஆணையில், திரும்ப விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே தடுத்துவிட்டது. எடை பார்த்துவிட்டு விடும் போட்டிக்கு அங்கே இடமே இல்லை. இந்த மூன்றில் எதுவும் சேற்றில் மடங்கிய வலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

என்ன மாற்றினார்கள்

நான் கொடுத்த அறிக்கை நீளமில்லை. ஆழமில்லாத கரையில் இருந்த சில இடங்களை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போட்டிக்கு மூடச் சொன்னேன். முடியாது என்றார்கள், பிரீம் அங்கேதான் இருக்கிறதாம். பதிலாக அந்த இடங்களில் சின்ன மேடை போட்டு, வலை ஆழத்தில் விழும்படி செய்தார்கள். எனக்கு அது போதும். வலை முழு நீளமும் விரிந்து, நுனியில் குச்சி ஊன்றியிருக்க வேண்டும், கடைசி இரண்டு மீட்டராவது தண்ணீரில் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கெண்டைக்கு ஒரு வலை, பிரீமுக்கும் ரோச்சுக்கும் ஒரு வலை. ஒரு வலையில் சேரும் எடைக்கு ஒரு மேல்வரம்பு, தாண்டினால் அடுத்த வலை. வெயில் காலத்தில் போட்டி ஆறு மணிக்கு ஆரம்பித்து பதினொரு மணிக்கு முடியும் என்ற யோசனையை நான் தயங்கித்தான் எழுதினேன், ஏனென்றால் பாசிக் குளத்தில் காலையில் ஆக்சிஜன் குறைவு. விடியற்காலை அளவு எடுத்துப் பார்த்த பிறகுதான் அன்றன்று முடிவு செய்வது என்று ஒப்புக்கொண்டார்கள்.

எடை போடுவதில்தான் அதிக மாற்றம். இப்போது இரண்டு தராசுகள், இரு முனைகளிலிருந்தும் சுற்றுகின்றன. தராசு பக்கத்தில் வந்து நிற்கும்வரை யாரும் வலையைத் தொடக் கூடாது. தூக்கும்போது மேல் வளையத்தைப் பிடிக்காமல், வளையங்களைத் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்து, அடி வளையத்தைக் கையில் தாங்கித் தூக்க வேண்டும். எடைப் பை முன்பே நனைந்திருக்க வேண்டும். விடும்போது பையைத் தண்ணீரில் இறக்கி வாயைத் திறந்துவிட்டால் போதும், மீன் தானே போகும்.

வலையைக் காயவைப்பது பற்றியும் ஒரு வரி சேர்த்தோம். இந்தக் குளத்தின் சாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இன்று ஒரு குளம், நாளை வேறு குளம் என்று போகிற ஈர வலை, நோயையும் வேண்டாத உயிரினங்களையும் கூடவே கொண்டுபோகும். 2010இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கொலைகார இறால் என்று பெயர் வாங்கிய அந்நிய உயிரினம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பார், கழுவு, உலர்த்து என்ற பிரசாரம் 2011இல் பிரிட்டனில் தொடங்கியது. அந்த இறால் ஈர மடிப்புக்குள் பல நாள் உயிரோடு இருக்கும். நல்ல வெயிலில் இரண்டு நாள் விரித்துப் போட்டால் பெரும்பாலான தொல்லை தீரும். சில குளங்களில் வலையை அவர்களே தருகிறார்கள், வெளி வலைக்கு அனுமதி இல்லை. இந்தச் சங்கத்துக்கு அதற்குப் பணம் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் நடந்த போட்டிக்குப் பிறகு காவலர் ஒரு வாரம் தினமும் கரையைச் சுற்றி வந்தார். செத்த மீன் எதுவும் இல்லை, பஞ்சுத் திட்டோடு ஒரு ரோச் மட்டும் பார்த்ததாகச் சொன்னார். செயலாளர் இதை வெற்றி என்று செய்திமடலில் போட விரும்பினார். அதற்குள் நீர் 18 டிகிரிக்கு இறங்கியிருந்தது, பிரீமும் அன்று அதிகம் விழவில்லை. அடுத்த ஜூலையில் வெயில் ஏறி, பிரீம் கூட்டமாக விழும் ஒரு நாளில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று நான் எழுதியதைச் சேர்த்தே போட்டார்கள்.

தீராமல் நிற்பது ஒன்று. கீப்நெட்டே வேண்டாம், பிடித்த மீனை அந்த இடத்திலேயே எடை பார்த்து, பக்கத்து இடத்துக்காரர் கையெழுத்துப் போட்டு, உடனே விட்டுவிடலாம் என்று இளைய உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். மீனுக்கு அதுதான் சந்தேகமில்லாமல் நல்லது, பெரிய மீனுக்கு எளிதும்கூட. சின்ன ரோச்சை நூற்றுக்கணக்கில் பிடிக்கிறவர் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றினால், அந்த மீன் கையில் இருக்கும் நேரம் கூடும், காயமும் கூடலாம். ரோச்சுக்கு வலை, மற்றவற்றுக்கு உடனடி விடுதலை என்று ஒரு நடுவழி பேச்சில் இருக்கிறது. பக்கத்து இடத்துக்காரரின் கையெழுத்தை எந்த அளவு நம்பலாம் என்பதில்தான் கூட்டம் இரண்டு முறை சண்டையில் முடிந்தது.